பாத்ரூமுக்கு ஒரு தேக்கு ரீப்பர் ஷெல்ஃப், நீங்களே செய்யலாம்

நம்ம ஊர் பாத்ரூம்ல ஷாம்பு, எண்ணெய் பாட்டில், சீயக்காய் டப்பா, ஷேவிங் சாமான், துணி பவுடர்னு எல்லாமே ஜன்னல் திண்டுலயும் ஃப்ளஷ் டேங்க் மூடி மேலயும்தான் குடியிருக்கும். இதுக்கு ஒரு மர ஷெல்ஃப் செய்யலாம்னு யூட்யூப்ல தேடுனீங்கன்னா வர்றதுல பாதிக்கு மேல வெளிநாட்டு வீடியோ, அங்க குளிக்கிற இடத்தை கண்ணாடி போட்டு தனியா அடைச்சிருப்பாங்க, மத்த தரையெல்லாம் காய்ஞ்சு கிடக்கும், அதனால எம்.டி.எஃப் போர்டுல, அதாவது மரத்தூள பசை போட்டு அழுத்துன பலகைல, பெயிண்ட் அடிச்சு கதவு வச்ச பெட்டியா செஞ்சு காட்டுறாங்க, பார்க்க நல்லாத்தான் இருக்கும். நம்ம வீட்ல பக்கெட்ல புடிச்சு மக்குல மொண்டு ஊத்துறோம், தண்ணி சுவர் பூரா தெறிக்கும், வாரத்துக்கு ஒரு நாள் பாத்ரூம் கழுவுறேன்னு குழாய போட்டு டைல்ஸ் முழுக்க அடிச்சு விடுறோம். அந்த பெட்டி இங்க ஒரு மழைக்காலம் தாண்டாது, அடிப்பக்கம் ஊறி உப்பி வந்துடும்.

அதனால இந்த ஷெல்ஃபுக்கு ஒரே ஒரு விதிதான். தண்ணி படாம பாதுகாக்கணும்னு நினைக்காதீங்க, படத்தான் செய்யும். பட்ட தண்ணி எங்கயும் நிக்காம வடிஞ்சு காத்துல காயணும். பலகைக்கு பதிலா இடைவெளி விட்டு ரீப்பர், அதாவது ஒல்லியான மரப்பட்டை, போடுறது, பின்பக்கம் மூடாம விடுறது, சுவத்த ஒட்டாம தள்ளி மாட்டுறது, கதவே வைக்காதது எல்லாம் இதுக்காகத்தான்.

மரத்துல ஆரம்பிப்போம், ஏன்னா கடைக்காரர் உங்கள ஈஸியா குழப்புற இடம் இதுதான். பார்ட்டிகிள் போர்டு, எம்.டி.எஃப் ரெண்டும் பாத்ரூம் பக்கமே வேண்டாம். மரைன் ப்ளைனு ஒண்ணு காட்டுவாங்க, ஐ.எஸ் 710 முத்திரை இருக்கான்னு பாருங்க, அது நல்ல சரக்குதான், கொதிக்கிற தண்ணியில போட்டாலும் பசை விடாது. ஆனா பசை விடாதுங்கறது வேற, உள்ள இருக்கற மரம் தண்ணி குடிக்காதுங்கறது வேற, வெட்டுன ஓரம் வழியா கண்டிப்பா குடிக்கும், அதனால ஓரம் பூரா பீடிங், அதாவது ஒல்லியான மரக் கீத்து, அடிச்சு சீல் பண்ணணும். அது புதுசா கத்துக்கறவங்களுக்கு பெரிய தலைவலி. ரப்பர் மரம் காய்ஞ்ச இடத்துக்கு சரி, ஈரத்துல பூஞ்சை புடிக்கும். பேக்கிங் பெட்டில வர்ற பைன் மரம் சல்லிசா கிடைக்கும், பழகிப் பார்க்க நல்லது, பாத்ரூம்ல ரொம்ப நாள் நிக்காது.

நான் சொல்றது தேக்கு. விலை ஜாஸ்திதான், ஆனா நமக்கு வேண்டியது கொஞ்சம்தான், அதுவும் முழுப் பலகை இல்ல, ரீப்பர். தேக்குல இயற்கையாவே எண்ணெய் இருக்கு, தண்ணிய சீக்கிரம் குடிக்காது, கரையானும் அவ்வளவு சீக்கிரம் தொடாது, வெயில் மழைக்கு பெருசா முறுக்கிக்கவும் செய்யாது. ஒரு விஷயம், நடுவுல இருக்கற பழுப்பு வைரத்துக்குத்தான் இந்த குணம் எல்லாம், ஓரத்துல வெளுப்பா இருக்கற பால் மரத்துக்கு கிடையாது, அதனால வெள்ளைக் கோடு ஓடுற ரீப்பர எடுக்காதீங்க. இன்னும் சல்லிசா வேணும்னா பழைய மரக் கடைக்கு போங்க, வீடு இடிச்ச நிலை, ஜன்னல் சட்டம் எல்லாம் அடுக்கி வச்சிருப்பாங்க, அதுல பழைய தேக்கு சட்டம் ஒண்ணு ரெண்டு புடிச்சு மில்லுல அறுத்துக்கலாம். பல வருஷம் காய்ஞ்ச மரம், புதுசு மாதிரி சுருங்காது. காரைக்குடி பக்கம் இருக்கறவங்களுக்கு சொல்லவே வேண்டாம், செட்டிநாட்டு வீடுகள்ல இருந்து வர்ற பர்மா தேக்கு அங்க இன்னும் கிடைக்குது. பழைய மரம் வாங்குனா காந்தம் ஒண்ணு வச்சு முழுக்க ஓட்டிப் பாருங்க, உள்ள ஒரு ஆணி ஒளிஞ்சிருந்தா மில்லுக்காரர் பிளேடு போயிடும், அதுக்கும் உங்க கிட்டதான் காசு கேப்பார்.

அளவு இதுதான். உயரம் 24 இன்ச், அகலம் 18 இன்ச், ஆழம் 7 இன்ச், மூணு தட்டு. எல்லாப் பீஸுமே ஒரே சைஸ் ரீப்பர், 2 இன்ச் அகலம், முக்கால் இன்ச் கனம். மர வாடில சொல்லும்போது "இழைச்சது போக 2க்கு முக்கால்"னு அழுத்திச் சொல்லுங்க, இல்லன்னா இழைக்கிறதுக்கு முன்னாடி அளவ குடுத்துட்டு, கைக்கு வரும்போது ஒண்ணே முக்காலா இருக்கும். நாலு பக்கமும் மில்லுலயே இழைச்சு வாங்கிடுங்க, இழைப்புளி புடிக்கத் தெரியாதவங்க அத வீட்ல முயற்சி பண்ண வேண்டாம். மொத்தம் முப்பத்தொண்ணரை அடி கிட்ட வரும், அறுக்கும்போது போற தூள், வெடிப்பு, கணு எல்லாம் சேர்த்து 36 அடியா வாங்கிக்கோங்க.

வெட்ட வேண்டியது:
நிமிந்து நிக்கிற கால், 24 இன்ச், 4 பீஸ்.
தட்டு தாங்குற குறுக்குக் கட்டை, 7 இன்ச், 6 பீஸ்.
தட்டு ரீப்பர், 16 இன்ச் 3 நூல், 9 பீஸ்.
முன்னாடி தடுப்பு 3, பின்னாடி சுவத்துல மாட்டுற பட்டை 2, எல்லாம் 18 இன்ச், ஆக 5 பீஸ்.

நூல்னா தெரியாதவங்களுக்கு, 8 நூல் ஒரு இன்ச். ஆசாரிங்க எல்லாரும் அப்படித்தான் பேசுவாங்க, டேப்ல இன்ச்ச எட்டாப் பிரிச்சிருக்கற கோட எண்ணிக்கோங்க. தட்டு ரீப்பர் ஏன் 16க்கு மேல 3 நூல்னா, 18ல ரெண்டு பக்க கால் கனம் ஒன்றரை இன்ச் போக பதினாறரை வரும், அதுல ஒரு நூல் விட்டாத்தான் மாட்டும்போது திணறாம உள்ள போகும், ஈரத்துல மரம் கொஞ்சம் உப்புனாலும் கால வெளிய தள்ளாது.

வெட்டும்போது ஒவ்வொண்ணா டேப் வச்சு அளக்காதீங்க. முதல் பீஸ சரியா வெட்டி, மூலமட்டம் (மூலை நேரா இருக்கான்னு பாக்கற 'எல்' வடிவ மட்டம்) வச்சு சரி பார்த்து, அதையே மாதிரியா வச்சு மத்ததுல கோடு போடுங்க. ஒன்பது ரீப்பரும் ஒரே நீளம் இருக்கறதுதான் முக்கியம், அது பதினாறே காலா இருந்தாலும் பரவாயில்ல. கை ரம்பம் போதும், கைல கட்டர் மெஷின் இருந்தா இன்னும் சுலபம், ஆனா பழக்கம் இல்லாம அத வாங்கிட்டு வந்து முதல் நாளே ஓட்டாதீங்க, சில மர வாடிலயே கட்டிங்கும் போட்டு குடுப்பாங்க, கேட்டுப் பாருங்க.

அடுத்து ஸ்க்ரூ. இதுல காசு மிச்சம் புடிக்கவே கூடாது. கருப்பா ஒரு ஸ்க்ரூ எல்லாக் கடைலயும் கிடைக்கும், ஜிப்சம் ஸ்க்ரூனு சொல்வாங்க, பாத்ரூம் ஈரத்துல அது சீக்கிரமே துருப்புடிச்சு மரத்துல பழுப்பு வடியும். எஸ்.எஸ் 304, அதாவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கேளுங்க, 8 நம்பர் கனம். ஒண்ணேகால் இன்ச் 30, ஒன்றரை இன்ச் 50 வாங்கிட்டா போதும். சந்தேகமா இருந்தா காந்தத்த வச்சுப் பாருங்க, 304 ஒட்டாது, ஒட்டுனாலும் லேசாத்தான் இழுக்கும், டப்புனு ஒட்டுச்சுன்னா கடைக்காரர் வேற எதையோ குடுத்துட்டார். இது கூட தண்ணி தாங்குற பசை ஒரு சின்ன டப்பா, ஃபெவிகால்ல மரைன்னு எழுதியிருக்கறது. சாதாரண வெள்ளை ஃபெவிகால் ஈரத்துல மறுபடியும் இளகும்.

இப்ப வேலை. முதல்ல ஏணி மாதிரி ரெண்டு பக்கச் சட்டம் செய்யணும். ரெண்டு கால தரைல பக்கத்துல பக்கத்துல படுக்கப் போடுங்க, வெளிப்பக்கத்துக்கு வெளிப்பக்கம் 7 இன்ச் வரணும், நடுவுல 3 இன்ச் காலி. அது மேல மூணு குறுக்குக் கட்டை. முதல் கட்டை அடிமட்டத்தோட சமமா, ரெண்டாவது கட்டையோட கீழ் ஓரம் அடிலேர்ந்து 11 இன்ச்ல, மூணாவது 20 இன்ச்ல. இப்படி வச்சா கீழ்த்தட்டுல பத்தே கால் இன்ச் உயரம் கிடைக்கும், பெரிய ஷாம்பு பாட்டில் நிக்கும், நடுத்தட்டுல எட்டே கால், மேல்தட்டு தொறந்தது. உங்க வீட்ல இதவிட உயரமான டப்பா இருந்தா நடுக்கட்டைய ஏத்திக்கோங்க, ரெண்டு ஏணிலயும் ஒரே மாதிரி ஏத்தணும், அவ்வளவுதான். இதுல ஒரு சௌகரியம், ஏணிக்கு முன் பின் கிடையாது, இடது வலது கிடையாது, ரெண்டும் அச்சு அசலா ஒண்ணுதான், அதனால மாத்தி செஞ்சுடுவோமோங்கற பயம் இல்ல.

ஒவ்வொரு சந்திப்புலயும் ரெண்டு ஸ்க்ரூ, நேரா ஒண்ணுக்கு மேல ஒண்ணா இல்லாம கொஞ்சம் குறுக்கா வைங்க, ஒரே ரேகைல ரெண்டு ஓட்டை போட்டா மரம் அந்த ரேகையோட பிளக்கும். ஸ்க்ரூ அடிக்கறதுக்கு முன்னாடி ட்ரில் போட்டே ஆகணும், மேல இருக்கற கட்டைக்கு நாலரை எம்.எம், கீழ இருக்கற காலுக்கு 3 எம்.எம். தேக்கு கெட்டி மரம், எஸ்.எஸ் ஸ்க்ரூவோ இரும்பு ஸ்க்ரூவ விட மெத்து, ஓட்டை போடாம மெஷின்ல திருகுனா ஒண்ணு மரம் பிளக்கும், இல்ல ஸ்க்ரூ தலை ஒடிஞ்சு மிச்சம் உள்ளயே நிக்கும், அத எடுக்கறது நரகம். தேக்குல எண்ணெய் இருக்குன்னு சொன்னேன்ல, அதனால பசை போடற இடத்த மட்டும் முதல்ல தின்னர்ல நனைச்ச துணியால ஒரு தடவை துடைச்சு காய விட்டு பசை தடவுங்க, அப்பத்தான் புடிக்கும். ஒண்ணேகால் ஸ்க்ரூ இங்கதான். முறுக்கறதுக்கு முன்னாடி மூலமட்டம் வைங்க, குறுக்கு மூலைக்கு மூலை டேப்பும் புடிங்க, ரெண்டு அளவும் ஒண்ணா இருந்தா ஏணி நேரா இருக்கு. ஒரு ராத்திரி அப்படியே விட்டுடுங்க.

ஏணி காயற நேரத்துல மத்த ரீப்பருக்கு ஓட்டை போட்டு வச்சுடலாம். தட்டு ரீப்பருக்கு ரெண்டு முனைலயும் நடுவுல ஒவ்வொண்ணு, முனைலேர்ந்து 3 நூல் உள்ள. ஒரு முனைக்கு ஒரு ஸ்க்ரூதான், ரெண்டு போட்டா மரம் உப்பிச் சுருங்க இடம் இல்லாம நடுவுல வெடிக்கும். 18 இன்ச் பட்டைகளுக்கு ஒவ்வொரு முனைலயும் ரெண்டு, இதுவும் முனைலேர்ந்து 3 நூல் உள்ள. இதெல்லாம் காலோட முக்கால் இன்ச் ஓரத்துல போய் ஏறணும், நடுவுல விழாட்டி பக்கவாட்டுல ஸ்க்ரூ எட்டிப் பார்க்கும். ஸ்க்ரூ தலை மட்டமா உக்காரற அளவுக்கு மட்டும் ஓட்டை வாய கொஞ்சம் அகலமாக்குங்க, ஆழமாக் குழிச்சுடாதீங்க, குழிச்சா அந்தக் குழில தண்ணி நிக்கும், நாம எதத் தவிர்க்கணும்னு பார்த்தோமோ அதே.

தேய்க்கிற வேலை போர்தான், ஆனா இதுல அவசரப்பட்டா பாலிஷ் போட்டதும் எல்லாக் கீறலும் பளிச்சுனு தெரியும். 80 நம்பர் உப்புத்தாள்ல ஆரம்பிச்சு, 120, அப்புறம் 220, ரேகை ஓடுற திசைலயே தேய்ங்க. எல்லா ஓரத்தையும் லேசா உருட்டி விடுங்க, கூரான ஓரத்துல பாலிஷ் நிக்காது, அங்கதான் முதல்ல உரியும். தேக்குத் தூள் மூக்குல ஏறுனா சில பேருக்கு தும்மலும் அரிப்பும் நிக்காது, மாஸ்க் போட்டுக்கோங்க.

பூச்சுக்கு வருவோம். எங்க கேட்டாலும் ஆளுக்கொண்ணு சொல்வாங்க. அரக்கு பாலிஷ், அதாவது அரக்கு கரைச்சு அடிக்கிறது, கட்டிலுக்கு அழகு, தண்ணி பட்டா வெள்ளை வெள்ளையா பூத்துடும். தேங்காய் எண்ணெய் தடவலாமானு கேக்கறாங்க, அது காயவே காயாது, பிசுபிசுனு தூசி ஒட்டி சிக்கு வாடை அடிக்கும். ஆளி விதை எண்ணெய் காயும், ஆனா நம்ம ஊர் ஈரத்துல அதுமேல கரும்பூஞ்சை வர வாய்ப்பு அதிகம், அதோட அந்த எண்ணெய் நனைச்ச துணிய சுருட்டி மூலைல போட்டா தானாவே சூடேறி தீப்புடிக்கும், இது கதை இல்ல, நிஜமாவே நடக்கறது. நமக்கு சரியானது வெளிப்புறத்துக்குனு எழுதியிருக்கற பியூ கிளியர், அதாவது நிறம் இல்லாத பாலியூரித்தேன் பூச்சு, கிளாஸ் வேணுமோ மேட் வேணுமோ உங்க இஷ்டம், மேட்ல உப்புத்தண்ணிக் கறை கொஞ்சம் கம்மியாத் தெரியும். டப்பா மேல எவ்வளவு தின்னர், எத்தனை மணி நேரம் இடைவெளினு போட்டிருப்பான், அதையே பண்ணுங்க. மொட்டை மாடி, பால்கனி மாதிரி காத்தோட்டமான இடத்துல அடிங்க, மழை நாள்ல வேண்டாம். மூணு கோட்டிங், ஒவ்வொரு கோட்டிங்குக்கும் நடுவுல 220 தாளால லேசாத் தடவி தூசி துடைச்சுட்டு அடுத்தது.

இங்க ரெண்டு விஷயம் மறந்துடாதீங்க. ஒண்ணு, மாட்டறதுக்கு முன்னாடியே தனித்தனிப் பீஸா அடிக்கணும், எல்லாத்தையும் சேர்த்துட்டு அடிச்சா சந்துக்குள்ள பிரஷ் போகாது, தண்ணி மட்டும் போகும். ரெண்டு, வெட்டுன முனை. மரம் தண்ணி குடிக்கறது பெரும்பாலும் முனை வழியாத்தான், வேர்லேர்ந்து தண்ணி ஏறுன அதே குழாய்தான் அங்க தொறந்து கிடக்கு. முனைக்கு மட்டும் நாலு அஞ்சு தடவை, குடிக்கறத நிறுத்தற வரைக்கும் குடுங்க. ஓட்டைக்குள்ளயும் ஒரு சொட்டு விடுங்க.

நல்லா காய்ஞ்சப்புறம் சேர்க்கறது அரை மணி நேர வேலை. ரெண்டு ஏணியையும் குறுக்குக் கட்டை உள்பக்கம் பார்க்கற மாதிரி நிறுத்தி, பின்பட்டை ரெண்டையும் ஒன்றரை இன்ச் ஸ்க்ரூல முறுக்குங்க, ஒண்ணு அடிலேர்ந்து 5 இன்ச்ல, இன்னொண்ணு 18 இன்ச்ல. ரெண்டுமே தட்டுக்கு நேரா இல்லாம நடுவுல வருதுல்ல, அது வேணும்னேதான், அப்பத்தான் சுவத்துல மாட்டும்போது ஸ்க்ரூ டிரைவர் உள்ள போக இடம் இருக்கும். அப்புறம் தட்டு ரீப்பர், ஒரு தட்டுக்கு மூணு, முன்னாடி 2 நூல், ஒவ்வொண்ணுக்கும் நடுவுல 2 நூல், பின்னாடி 2 நூல் இடைவெளி. 2 நூல் கனத்துல ஒரு குச்சி செஞ்சு வச்சுக்கிட்டா அளக்கவே வேண்டாம். கடைசியா முன் தடுப்பு, அதோட கீழ் ஓரம் குறுக்குக் கட்டையோட மேல்மட்டத்துக்கு சமமா, அதாவது 2, 13, 22 இன்ச்ல. பாட்டில் முன்னாடி சரியாம ஒண்ணேகால் இன்ச் தடுப்பு நிக்கும். ரீப்பருக்கும் பட்டைக்கும் பசை போடாதீங்க, ஸ்க்ரூ மட்டும் போதும், காரணம் கடைசில சொல்றேன்.

சுவத்துல மாட்டறதுதான் எல்லாருக்கும் பயம். இடம் முதல்ல. ஷெல்ஃபோட அடி தரைலேர்ந்து மூன்றரை அடிக்கு மேல, பக்கெட் தெறிக்கற எல்லைக்கு வெளிய, முடிஞ்சா எக்ஸாஸ்ட் ஃபேன் அல்லது ஜன்னல் பக்கம். கீசருக்கு நேர் கீழ வேண்டாம், அதுல வால்வு சொட்டும், சர்வீஸுக்கு ஆள் வந்தாலும் இடிக்கும். குழாய், ஷவருக்கு நேர் மேலயும் நேர் கீழயும் சுவத்துக்குள்ள பைப் ஓடும், சுவிட்சு, கீசர் பாயிண்டுக்கு நேர்ல வயர் ஓடும், அந்தக் கோடுகள்ல ட்ரில் வைக்கவே கூடாது. வீடு கட்டும்போது எடுத்த போட்டோ இருந்தா பாருங்க, இல்லன்னா பிளம்பர் கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடறது நல்லது.

நாலு ஓட்டை, மேல் பட்டைல ரெண்டு, கீழ்ப்பட்டைல ரெண்டு, ஓரத்துலேர்ந்து 3 இன்ச் உள்ள. பட்டைல முதல்ல ஓட்டை போட்டுட்டு, ஷெல்ஃப சுவத்துல ஒருத்தர் புடிக்க, ரசமட்டம் வச்சு குறி போடுங்க. டைல்ஸ் கோட்ட நம்பாதீங்க, அதுவே சாஞ்சிருக்கும். குறி டைல்ஸோட ஓரத்துல, மூலைல விழுந்தா ஷெல்ஃப கொஞ்சம் நகர்த்திக்கோங்க, அங்க ஓட்டை போட்டா விரிசல் விட சான்ஸ் அதிகம். குறி மேல மாஸ்கிங் டேப் ஒட்டுங்க, பிட்டு வழுக்காது. டைல்ஸ் போற வரைக்கும் ஹேமர் மோட் ஆஃப், ஈட்டி முனை மாதிரி இருக்கற டைல்ஸ் பிட்டு, மெதுவான ஸ்பீடு, விட்ரிஃபைட் டைல்ஸா இருந்தா டைமண்ட் பிட்டு வேணும், நடுநடுவுல தண்ணி தொட்டு வைங்க. மெஷின்ல தண்ணி படக்கூடாது, கரண்டு சமாச்சாரம், தரையும் காய்ஞ்சிருக்கணும். டைல்ஸ் தாண்டுனதும் 8 எம்.எம் கான்கிரீட் பிட்டுக்கு மாத்தி ஹேமர் போட்டுக்கலாம். செங்கல் சுவரா இருந்தா 8 எம்.எம் பிளாஸ்டிக் பிளக், 3 இன்ச் எஸ்.எஸ் ஸ்க்ரூ. புது அபார்ட்மெண்ட்ல லேசான வெள்ளை பிளாக் சுவர் நிறைய, ட்ரில் போடும்போது வெள்ளையா மாவு மாதிரி கொட்டுச்சுன்னா அதுதான், அதுக்கு ஹேமரே வேண்டாம், அந்த பிளாக்குக்குனு தனி நைலான் பிளக் இருக்கு, அத வாங்குங்க. பிளக்க உள்ள அடிக்கும்போது டைல்ஸ் கனத்தையும் தாண்டி உள்ள தள்ளணும், டைல்ஸ்குள்ள நின்னா ஸ்க்ரூ முறுக்கும்போது விரிஞ்சு டைல்ஸ ஒடைக்கும். ஓட்டைக்குள்ள கொஞ்சம் சிலிக்கான் அடிச்சுட்டு பிளக் போடுங்க, இல்லன்னா குளிக்கற தண்ணி அந்த வழியா சுவத்துக்குள்ள போய் பக்கத்து ரூம் பெயிண்ட் உரியும்.

மரம் மட்டும் 6 கிலோ கிட்ட வரும், நாலு ஸ்க்ரூ சாமானையும் சேர்த்து தாராளமாத் தாங்கும், ஆனா பசங்க தொங்காமப் பாத்துக்கோங்க. பின்பட்டை கனத்தால ஷெல்ஃப் சுவத்துலேர்ந்து முக்கால் இன்ச் தள்ளி நிக்கும், அந்தச் சந்த சிலிக்கான் போட்டு அடைக்கணும்னு கை துறுதுறுக்கும், அடைக்காதீங்க, காத்து போற வழி அது.

பராமரிப்புல ஒண்ணே ஒண்ணுதான் கறாரா சொல்வேன், ஆசிட். டைல்ஸ் கழுவ ஆசிட் ஊத்தற பழக்கம் நம்ம வீடுகள்ல இருக்கு, அதோட புகையும் தெறிப்பும் பியூவையும் மங்கடிக்கும், 304 ஸ்க்ரூவையே அரிக்கும். அந்த ஷெல்ஃப் பக்கம் வேண்டாம். போர் தண்ணி உப்புக்கறைக்கு ஈரத்துணியால அடிக்கடி துடைச்சாலே போதும், படிஞ்சு போச்சுன்னா தண்ணி கலந்த வினிகர்ல துடைச்சுட்டு உடனே நல்ல தண்ணில கழுவிடுங்க. பளபளப்பு போய் தண்ணி முத்து முத்தா நிக்காம மரத்துல ஊற ஆரம்பிச்சா, லேசாத் தேய்ச்சு இன்னொரு கோட்டிங். எந்த ரீப்பராவது கருத்தோ வெடிச்சோ போனா ரெண்டு ஸ்க்ரூவ கழட்டி அத மட்டும் மாத்திடலாம், பசை வேண்டாம்னு சொன்னது இதுக்குத்தான். 36 அடி வாங்குனதுல மிச்சம் விழுந்த துண்டுல 16 இன்ச்சுக்கு மேல இருக்கறத தூக்கிப் போடாம எடுத்து வைங்க.